குரங்கு, பூனை, செருப்பு: நீதிமன்றச் சுவரில் யாருடைய சிரிப்பு?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் சமூகக் கூடத்தின் பின்கட்டில் சனிக்கிழமை காலைகளில் இலவசச் சட்ட ஆலோசனை நடக்கிறது. ஓய்வூதியம் திடீரென்று நின்றுபோனவர்கள், வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வாங்கியவர்கள், மகன் பெயரில் எழுதிக்கொடுத்த வீட்டில் இப்போது தனக்கே இடமில்லை என்று வருபவர்கள். வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் காகிதப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எதிரே வெறும் வெள்ளைச் சுவர். நாற்பது வருஷம் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். மசாலாக் கடை, இறைச்சிக் கடை, கோயில், டர்பன் மார்க்கெட்டுக்குப் போன இந்தியர்களின் பஸ் என்று எதையும் விட்டதில்லை. அந்தச் சுவரைப் பார்த்த கூடத்துக் கமிட்டி என்னைக் கூப்பிட்டு, ஏதாவது வரைந்து கொடுங்கள், வருகிறவர்கள் கொஞ்சம் சிரிக்கட்டும் என்றது.

நான் ஒரு குரங்கு வரைந்தேன். மூக்குக்கண்ணாடி, கையில் தராசு, தோளில் கறுப்பு அங்கி. சாட்ஸ்வொர்த்துக்காரர்களுக்குக் குரங்கு புதிதில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் ரொட்டியும் வாழைப்பழமும் போய்விடும். ஆனால் படத்தின் மூலம் இங்கத்தியது இல்லை, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் கல்லில் செதுக்கியிருக்கும் குரங்கு நீதிபதி. பல வருஷம் முன்னால் ஒரு பத்திரிகைப் படத்தில் பார்த்து மனசில் வைத்திருந்தேன்.

பெயிண்ட் காய்ந்த முதல் சனிக்கிழமை, எண்பதைத் தாண்டிய ஓர் ஆயா நாற்காலியிலிருந்து எழுந்துபோய்ச் சுவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"தம்பி, இது யாரு?"

"நீதிபதி ஆயா. சும்மா, சிரிக்கத்தான்."

"நீதிபதி குரங்குன்னா, அதுக்குக் கீழ உக்காந்திருக்கிற நாங்கல்லாம் யாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் சூலு இனத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அப்புறம் தரையைப் பார்த்தார்கள். இந்த நாட்டில் குரங்கு என்ற சொல்லைக் கறுப்பின மக்கள்மேல் எத்தனை தலைமுறையாக எறிந்திருக்கிறார்கள் என்று தெரியாதவனா நான்? தெரிந்தும், தூரிகையைக் கையில் எடுத்தபோது அது நினைவுக்கு வரவே இல்லை. அந்த இரண்டு பேரின் மௌனம்தான் ஆயாவின் கேள்வியைவிட எனக்கு ஆழமாக உறைத்தது. அன்று மாலையே இரண்டு கோட்டு வெள்ளையடித்து அழித்துவிட்டேன்.

கமிட்டியில் ஒருவர், சிரிப்பே வேண்டாம், கண்ணைக் கட்டிய நீதி தேவியை வரைந்துவிடலாம் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பயந்துபோய் வருகிறவர்களுக்கு முன்னால் இன்னும் ஒரு கண்டிப்பான முகமா? நீதி நடக்கிற இடத்தில் விளையாட்டுக்கு இடம் உண்டா, உண்டென்றால் அது எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வில் இறங்கினேன்.

முதலில் பம்பாய். கர்னல் ஃபுல்லர் வடிவமைத்த கட்டடம், 1871ல் ஆரம்பித்து 1878ல் முடிந்தது. கூர்வளைவும் கோபுரமுமாக ஐரோப்பிய கோதிக் பாணி, உச்சியில் நீதி, கருணை என்று இரண்டு சிலைகள். அந்தக் கம்பீரத்துக்கு நடுவே ஒரு தூண் தலையில் ஒரு கண்ணை மட்டும் கட்டிக்கொண்டு தராசு பிடித்த குரங்கு, வேறோர் இடத்தில் வக்கீலின் வெள்ளைக் கழுத்துப்பட்டை கட்டிய நரி. பார்சி துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் பெரிய ஒப்பந்தக்காரரோடு வழக்காடித் தோற்றார், அந்த ஆத்திரத்தைக் கல்லில் தீர்த்துக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியானாலும் அந்த ஒற்றைக்கண் கட்டு என்ன சொல்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. இரண்டு கண்ணையும் கட்டியிருந்தால் பாரபட்சம் இல்லை என்று அர்த்தம், ஒரு கண்ணை மட்டும் கட்டினால் யாரோ ஒருவரை மட்டும் பார்க்கிறது என்று அர்த்தம். அது தோற்றவனின் சிரிப்பு, கீழேயிருந்து மேலே போகிற சிரிப்பு. வெள்ளைக்கார ஆட்சியில், அவர்கள் கட்டடத்தில், அவர்கள் கண்ணெதிரே அதை ஒருவர் உட்காரவைத்தார் என்றால் எனக்கு அவர்மேல் மரியாதைதான்.

அதே குரங்கை எங்கள் சுவருக்குக் கொண்டுவந்தபோது எல்லாம் தலைகீழாகிவிட்டது. அங்கே குரங்குக்குக் கீழே அதிகாரம் உட்கார்ந்திருந்தது, இங்கே வழியில்லாமல் வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். படம் ஒன்றுதான், ஆனால் யார் தலைக்கு மேலே மாட்டுகிறோம் என்பதில் அர்த்தம் மாறிப்போகிறது.

லண்டன் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் கட்டடத்திலும் இப்படி ஒன்று உண்டு. ஸ்ட்ரீட் என்ற கட்டடக் கலைஞரின் வேலை, 1882 டிசம்பரில் விக்டோரியா மகாராணி திறந்துவைத்தார். பின்பக்கம் கேரி தெருவில், நீதிபதிகள் உள்ளே போகிற வாசலுக்கு மேலே கல்லில் ஒரு பூனையும் ஒரு நாயும். வாதியும் பிரதிவாதியுமாம். அழகான செதுக்கு வேலை, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது இருக்கிற இடத்தைக் கவனியுங்கள். தினமும் காலையில் அந்த வாசலில் நுழைகிறவர் நீதிபதி. இன்றைக்கு உன் முன்னால் வந்து நிற்கப்போவது நாயும் பூனையும் என்று அவருக்கு மட்டும் அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. சொத்துப் பிரச்சினையில் இருபது வருஷம் அலைந்த ஒருவருக்குத் தன்னைப் பூனையாகச் செதுக்கியிருப்பது தெரிந்தால் எப்படி இருக்கும்? ஆயாவின் கேள்வியை நான் அங்கேயும் கேட்டுப் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் ஜோஹானஸ்பர்க்கில் சட்டம் படிக்கும் என் பேத்தி ஃபோனில் சொன்னாள். "தாத்தா, நீங்க புத்தகத்துல தேடுறதை விடுங்க. இங்க வாங்க, எங்க கோர்ட்டைக் காட்டுறேன். எழுத்து எழுதுறவங்க பார்க்க வேண்டிய கோர்ட்டு." டர்பனிலிருந்து காரில் ஆறு மணி நேரத்துக்கு மேல். நானும் என் மனைவியும் போனோம்.

பேத்தி சொன்ன கோர்ட்டு, நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம். அது நிற்கும் குன்று பழைய சிறை. 1890களில் அதிபர் குரூகர் காலத்தில் கட்டிய கோட்டை, அதை ஒட்டிக் கறுப்பின ஆண்களை அடைத்த நம்பர் ஃபோர், பக்கத்தில் பெண்கள் சிறை, நடுவில் விசாரணைக் கைதிகள் கட்டடம். 1908 ஜனவரியில் காந்தி இங்கேதான் அடைபட்டார். அவரோடு தம்பி நாயுடு என்ற நம் ஆளும் இருந்தார், மொரிஷியஸில் பிறந்து டிரான்ஸ்வாலில் எத்தனையோ முறை சிறை போன மனிதர். சீனர்களின் தலைவர் லியுங் குயினும் உண்டு. மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்திட்டுத்தான் டிரான்ஸ்வால் அரசின் ஸ்மட்ஸுக்குச் சமாதானக் கடிதம் போனது. தில்லையாடி வள்ளியம்மை அடைபட்டது மாரிட்ஸ்பர்க் சிறையில். 1914ல் விடுதலையாகி வந்து உயிர்விட்ட அந்தப் பெண் புதைந்திருக்கும் பிராம்ஃபொன்டீன் இடுகாடு இந்தக் குன்றுக்குப் பக்கம்தான். அதனால் அங்கே கால் வைக்கும்போதே எனக்குச் சிரிப்பு தேடுகிற மனநிலை இல்லை. இந்த மண்ணில் என்ன விளையாட்டு வேண்டியிருக்கிறது என்றுதான் தோன்றியது.

விளையாட்டு அங்கே இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

வடிவமைப்புக்குப் பன்னாட்டுப் போட்டி வைத்தார்கள், 1998ல் முடிவானது. ஜெயித்தவர்களில் ஓஎம்எம் டிசைன் ஒர்க்‌ஷாப் எங்கள் டர்பன்காரர்கள், அவர்களோடு ஜோஹானஸ்பர்க்கின் அர்பன் சொல்யூஷன்ஸ். 2004 மார்ச் 21, மனித உரிமை நாளில் கட்டடம் திறந்தது. விசாரணைக் கைதிகள் கட்டடத்தை இடித்த செங்கல்லையே எடுத்து நீதிமன்ற அறையின் சுவரை எழுப்பினார்கள். அந்தச் சிறையின் படிக்கட்டுக் கூண்டுகள் நான்கை மட்டும் இடிக்காமல் நிறுத்திவைத்தார்கள்.

முகப்பில் நீதிமன்றத்தின் பெயர் பதினொரு மொழிகளில் வண்ண வண்ணமாக நிற்கிறது. என் தொழில் எழுத்து என்பதால் அங்கேயே நின்றுவிட்டேன். சட்டம் என்றால் எழுத்து நிமிர்ந்து, ஓரத்தில் கூர்மையாக, ரோமாபுரிக் கல்வெட்டு மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலில் எழுதாத விதி. வக்கீல் ஆபீஸ் போர்டு நூறு எழுதியிருப்பேன், எல்லாம் அப்படித்தான். இந்த எழுத்துகளோ ஒன்று கொஞ்சம் ஒல்லி, ஒன்று கொஞ்சம் கோணல், கையால் போட்ட மாதிரி. செய்தவர் டர்பனின் கார்த் வாக்கர். சிறைச் சுவரில் கைதிகள் கிறுக்கியது, சிறை அறிவிப்புகளில் இருந்தது, இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்து இந்த நீதிமன்றத்துக்கென்றே ஒரு எழுத்துரு உண்டாக்கினார். கைதியின் கிறுக்கல் நீதிமன்றத்தின் பெயர்ப்பலகை ஆகிவிட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, அப்புறம் தொண்டை அடைக்கிறது.

வாசல் மேலே காங்கிரீட் உத்தரத்தில் மனித மாண்பு, சமத்துவம், சுதந்திரம் என்ற சொற்களை நீதிபதிகள் அவரவர் கையெழுத்தில் பதித்திருக்கிறார்கள். அச்சு மாதிரி ஒன்றும் இல்லை. ஒன்று சாய்ந்து ஓடுகிறது, இன்னொன்று பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினது போல உருண்டு நிற்கிறது. இந்தக் கட்டடத்தின் பின்னால் அதிகம் நின்றவர் நீதிபதி ஆல்பி சாக்ஸ். 1988ல் மொசாம்பிக்கின் மபுட்டோவில் காரில் வைத்த குண்டில் வலது கையை இழந்து, இடது கையால் எழுதப் பழகியவர். ஒரு நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் தன் கோணல் எழுத்தைத் தானே வாசலில் போட்டுக்கொள்வதென்றால், வருகிறவரைப் பார்த்து, எங்களுக்கும் கை நடுங்கும் என்று சொல்வதுபோல்தானே?

கதவு ஆண்ட்ரூ வெர்ஸ்டர், ஆண்ட்ரீஸ் போத்தா இருவரின் கைவண்ணம், இரண்டு பேரும் எங்கள் மாகாணத்துக் கலைஞர்கள். நெடிய மரக்கதவு, உரிமைச் சாசனத்தின் 27 உரிமைகளும் அதில் செதுக்கியிருக்கின்றன, சைகை மொழிக்கான கைகளும் உண்டு. சைகை மொழி இந்த நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆனது 2023ல்தான், கதவு பத்தொன்பது வருஷம் முந்திக்கொண்டது. தமிழ் ஆட்சிமொழி இல்லை, அதனால் கதவிலும் இல்லை. ஆனால் அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு, மக்கள் பேசும் மொழிகளைப் போற்ற வேண்டும் என்று சொல்லுமிடத்தில் தமிழைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. பேத்தி அந்த வரியை ஃபோனில் எடுத்துக் காட்டினாள், என் மனைவி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

உள்ளே கூடத்தில் தூண்கள் நேராக நிற்கவில்லை. சாய்ந்து நிற்கின்றன, மேலெல்லாம் வண்ணச் சில்லு பதித்து. கூரையில் வெட்டுகள் வழியாக வெயில் துண்டு துண்டாக விழுந்து நகர்கிறது, கம்பியில் பின்னிய விளக்குகள் மேலே தொங்குகின்றன. கிராமத்தில் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதுதான் இந்த நீதிமன்றத்தின் அடிப்படைப் படிமம், முத்திரையிலும் மரத்தடியில் கூடிய மக்கள்தான். நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? ஆலமரத்தடிப் பஞ்சாயத்தைத்தான் கண்ணாடியிலும் காங்கிரீட்டிலும் கட்டியிருக்கிறார்கள்.

சரி, இப்போது செருப்புக்கு வருகிறேன். விசாரணை அறையின் தரை வெளியே நடைபாதையைவிடத் தாழ்வு. சுவரில் நீளவாக்கில் ஒரு கண்ணாடிப் பட்டை ஓடுகிறது. நாங்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அதன் வழியாகக் கால்கள் போயின. முதலில் ஒரு ஜோடிக் கறுப்புப் பள்ளிக்கூட ஷூ, ஒன்றில் நாடா அவிழ்ந்து இழுபட்டது. அப்புறம் ரப்பர் செருப்பு போட்ட ஒருவரின் வெடித்த குதிகால். ஒரு துடைப்பம் வந்தது, நின்றது, திரும்பிப் போனது. முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. பதினொரு நீதிபதிகள் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தாலும் இப்படித்தான், ஊர் ஜனத்தின் கால்மட்டத்தில் அவர்கள் தலை. கறுப்பா, இந்தியரா, யார் வீட்டுப் பிள்ளை என்று எதுவும் தெரியாது, கால் மட்டும் தெரியும். கண்ணைக் கட்டிய தேவிக்கு இதைவிட நல்ல மாற்று நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன் கால்களை எண்ண ஆரம்பித்து, பதினேழில் அவன் அம்மா அடக்கினார்.

நீதிபதிகளின் மேசை முகப்பில் ஒவ்வொருவருக்கும் நகூனி என்ற உள்ளூர் இன மாட்டின் தோல் ஒன்று போர்த்தியிருக்கிறது. ஒன்றின் புள்ளி மாதிரி இன்னொன்றில் இல்லை, ஒரே சட்டத்தைப் பார்க்கிறவர்கள் ஒரே அச்சு இல்லை என்பதற்கு அடையாளம். சூலு மக்களுக்கு மாடு என்றால் செல்வம், மரியாதை. என் மனைவி முகம் சுளித்தாள், அதையும் எழுதவேண்டியதுதான். எங்கள் வீட்டில் பசுவுக்குப் பொங்கலன்று பொட்டு வைக்கிற வழக்கம். ஒருவருக்கு அழகாகப் படுவது இன்னொருவருக்குச் சங்கடமாக இருக்கலாம் என்பதை அங்கே உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டோம்.

அலங்காரத்துக்கென்று நீதிமன்றத்துக்கு முதலில் கொடுத்த பணம் பத்தாயிரம் ராண்ட். சாக்ஸும் நீதிபதி இவோன் மொகோரோவும் அதை அப்படியே கொண்டுபோய் ஜோசப் இன்ட்லோவு நெய்த ஒரே ஒரு திரைச்சீலையில் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்த படைப்புகளில் பெரும்பகுதி கலைஞர்களும் மற்றவர்களும் கொடுத்தது. அவற்றில் ஜூடித் மேசனின் நீல உடையும் ஒன்று. பிலா நுவாண்ட்வே என்ற எங்கள் மாகாணத்துப் போராளியை நிறவெறி ஆட்சியின் போலீஸ் துணியில்லாமல் அடைத்துவைத்தபோது, அவர் ஒரு நீல பிளாஸ்டிக் பையைக் கிழித்து மானத்தை மறைத்துக்கொண்டார், பின்பு கொன்றார்கள். அந்தப் பெண்ணுக்காக நீல பிளாஸ்டிக் பைகளைத் தைத்துச் செய்த உடை அது. அதன் முன்னால் விளையாட்டு நின்றுவிடுகிறது. எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்தவர்கள் கையில்தான் விளையாட்டைக் கொடுக்கலாம் என்று எனக்குப் பட்ட இடம் அதுதான்.

சிறைப் பக்கம் போனால் நம்பர் ஃபோரில் போர்வைச் சிற்பங்கள் இருக்கின்றன. கைதிகள் கம்பளிப் போர்வைகளை மடித்து மடித்து ராணுவ டாங்கி மாதிரிச் செய்வார்களாம், அப்படிச் செய்து காவலர்களின் பரிசோதனைக்கு வைக்க வேண்டியிருந்தது. பழைய கைதிகள் மறுபடி செய்து காட்டியதைத்தான் நாங்கள் பார்த்தோம். போர்வை மடிப்பில் டாங்கிச் சக்கரம் எத்தனை துல்லியமாக வந்திருக்கிறது தெரியுமா? கட்டாயத்தில் செய்த வேலையிலும் கை தன் திறமையைக் காட்டிவிடுகிறது. பெண்கள் சிறையில் 1976ல் அடைபட்ட டர்பனின் ஃபாத்திமா மீர் சிறை வாழ்க்கையைத் திருட்டுத்தனமாக வரைந்து வெளியே அனுப்பிய ஓவியங்களையும் இந்தக் குன்றில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியெல்லாம் பேத்தி சொன்ன ஒரு வழக்குதான் பேச்சு. 1893 மே மாதம் டர்பன் நீதிமன்றத்தில் காந்தியைத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார் மாஜிஸ்திரேட், அவர் மறுத்து வெளியேறினார். அடுத்த வருஷம் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிந்தபோது தலைமை நீதிபதி சொல்ல, கழற்றத்தான் வேண்டியிருந்தது. 114 வருஷம் கழித்து, 2007ல், அந்தச் செங்கல் சுவருக்குள் ஒரு மூக்குத்தி வந்தது. டர்பன் பள்ளியொன்றில் படித்த தமிழ்ப் பெண், பருவமடைந்தபின் வீட்டு வழக்கப்படி குத்திக்கொண்ட மூக்குத்தியைப் பள்ளி கழற்றச் சொன்னது. அந்தப் பிள்ளையின் பக்கம் தீர்ப்பு எழுதினார் தலைமை நீதிபதி பியஸ் லாங்கா. பள்ளிக்கூடத்தில் மதமும் பண்பாடும் வெளியே தெரிவதைப் பயங்கரங்களின் அணிவகுப்பாகப் பார்க்கக் கூடாது, அது பன்மையின் ஊர்வலம், பள்ளியையும் நாட்டையும் அது வளமாக்கும் என்ற பொருளில் எழுதினார். கோணல் எழுத்தும் புள்ளி புள்ளித் தோலும் சாய்ந்த தூணுமாக ஒரு கட்டடத்தைத் தங்களுக்குக் கட்டிக்கொண்டவர்களின் தீர்ப்பு அது. அலங்காரம் தீர்ப்பை எழுதாது, அது எனக்குத் தெரியும். ஆனால் அலங்காரத்தை அற்பம் என்று நினைக்காதவர்களுக்கு ஒரு மூக்குத்தியின் கனம் தெரிந்திருந்தது.

மூக்குத்தி போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்த என் மனைவி, அந்த வழக்கு நடந்தபோது இங்கே வீட்டுக்கு வீடு பேசினோமே, நினைவில்லையா என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. அவளுக்கு நாள்கூட நினைவிருந்தது.

ஊருக்கு வந்து கமிட்டியில் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவரில் உருவம் எதுவும் வேண்டாம். வருகிறவர்கள் காத்திருக்கும்போது அவர்களே எழுதட்டும். சுவரில் கண்மட்டத்துக்கு ஒரு முழ அகலத்தில் வெளிர் மஞ்சள் பட்டை அடித்தேன், மேலும் கீழும் நூல் பிடித்துக் கோடு. ஆளுக்கு ஒரு சொல், எந்த மொழியிலும். பென்சிலில் அவர்கள் எழுதுவார்கள், அதன்மேல் நான் எனாமலில் இழுப்பேன், கோணலைத் திருத்தாமல். திருத்தாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, நாற்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக நேராக்கப் பார்க்கும். முதல் வாரம் ஏழு பேர் எழுதினார்கள். ஒருவர் சூலு மக்களின் மொழியான இசிசூலுவில் பொறுமை என்று எழுதினார். ஒரு பையன் தன் நாயின் பெயரை எழுதினான், அதையும் இழுத்தேன். எங்கள் ஆலோசனை வக்கீலையும் எழுதச் சொன்னோம், அவருடையதுதான் எல்லாவற்றிலும் மோசம், யாராலும் வாசிக்க முடியவில்லை. அன்று அந்த அறை நன்றாகவே சிரித்தது, அவரும் சேர்ந்து.

ஆயா மூன்றாவது வாரம் வந்தார். ஓய்வூதிய விஷயம் இன்னும் முடியவில்லை. பட்டையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்துவிட்டு, பென்சிலை வாங்கினார். சின்ன வயதில் கோயில் பள்ளியில் படித்த தமிழ், அறுபது வருஷமாக எழுதவில்லையாம். "ழ எப்படிப் போடுறது, மறந்துட்டேன் தம்பி" என்றார். உள்ளங்கையில் விரலால் போட்டுக் காட்டினேன். வழக்கு என்று எழுதினார். சுழி பெரிதாகிக் கோட்டைத் தாண்டிக் கீழே வெள்ளைச் சுவருக்கு இறங்கிவிட்டது. அது இறங்கின இடம்வரைக்கும் மஞ்சள் பட்டையைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன்.